பேட்டரியில ஓடின சாயங்காலம்

இன்வெர்ட்டர் வந்த அன்னைக்கே மெக்கானிக் நெல்லையப்பன்கிட்ட சண்டை போட்டேன். எங்க தாராவி வீட்டுல காலை நீட்டிப் படுக்கவே இடம் கிடையாது, இவன் யானைக்குட்டி கணக்கா ஒரு பேட்டரியைக் கொண்டு வந்து நடுவுல வைக்கான். கடைசியில எங்க வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில தள்ளி விட்டோம். வயர் எட்டாம, இன்வெர்ட்டரோட முகம் சுவரைப் பார்த்துப் போச்சு. எந்த விளக்கு எரியுதுன்னு பார்க்கணும்னா தரையில படுத்து டார்ச் அடிக்கணும். எவ அடிப்பா?

அவரு பேரு ரஹ்மத்துல்லா. தோல் பட்டறையில வேலை பார்த்து நுரையீரல் சுருங்கிப்போன மனுஷன். காத்துல இருந்து ஆக்சிஜன் பிரிச்சுக் குடுக்குற மிஷின் ஒண்ணு தலைமாட்டுல ஓடிக்கிட்டே இருக்கும், அதோட குழாய் ராப்பகலா அவர் மூக்குல இருக்கும். கரண்ட் போனா மிஷின் நிக்கும், மிஷின் நின்னா அவருக்கு மூச்சு நிக்கும். அதுக்குத்தான் இன்வெர்ட்டர்.

நோன்பு மாசம் வந்துச்சு. பெருநாள் ஆர்டருன்னு சந்துல அத்தனை பட்டறைக்காரனும் மதியத்துல இருந்து மிஷினைப் போட்டு மிதிச்சானுவ. வோல்டேஜ் இறங்கி ட்யூப்லைட்டு சீக்காளி மாதிரி மினுங்குச்சு. ஆக்சிஜன் மிஷின் வீல் வீல்னு கத்த ஆரம்பிச்சுது. அது கத்துற ஒவ்வொரு தடவையும் அவரு என் கையைப் பிடிச்சுக்கிடுவாரு. பொறுக்கமாட்டாம நெல்லையப்பனை இழுத்துட்டு வந்தேன்.

அவன் குனிஞ்சு, பின்னால இருந்த ஒரு சுவிட்சை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தள்ளினான். "கம்ப்யூட்டருக்கு வைக்க மாதிரி வச்சிருக்கேங்கா. இனி சுத்தமான வோல்டேஜ்தான் போவும், கத்தாது."

நெசமாவே கத்தல. என் வயித்துல பாலை வார்த்தான்னு அவனுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய நோன்புக் கஞ்சி குடுத்து அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம், நோன்பு தொறக்க மஃரிப் பாங்கு சொல்லுத நேரம். பேரீச்சம்பழத்தை வாயில வச்சேன், சந்தே இருண்டுபோச்சு. இன்வெர்ட்டர் இருக்குல்லான்னு நான் அசையக்கூட இல்ல. ஒரு நிமிஷம் ஓடியிருக்கும், மிஷின் நீளமா ஒரு கத்து கத்திட்டு அப்படியே அடங்கிட்டு.

நெல்லையப்பனுக்குப் போன் போட்டேன். அவன் தூரத்துல ஐரோலியில ஏதோ வேலையில நின்னான். "ஏலே, பேட்டரி செத்துட்டுலே!"

"இருக்காதேக்கா." அப்புறம், "மதியத்துல இருந்து வோல்டேஜ் கம்மியா இருந்துச்சோ?"ன்னான்.

"ஆமா, என்னைக்கும் போலத்தான்."

"ஐயய்யோ. சுவிட்சை அந்தப் பக்கம் வச்சா, வோல்டேஜ் ரொம்பக் கொறஞ்ச உடனே அது கரண்டை ஒதுக்கிட்டு பேட்டரிக்குத் தாவிரும்க்கா. மதியத்துல இருந்து பேட்டரியிலதான் ஓடியிருக்கு. சிவப்பு விளக்கைப் பார்க்கலியா? பீப் அடிச்சிருக்குமே?"

சிவப்பு விளக்கு சுவருக்குல்லா எரிஞ்சிருக்கு. மாடியில பேக் தைக்கிற இரைச்சல்ல எந்தப் பீப்பு யாரு காதுல விழும்? கரண்ட் இருக்கும்போதே பேட்டரி கரைஞ்சிருக்கு. இது என்ன நியாயம்? "நாசமாப் போவான், நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா!"ன்னு கத்தினேன். அவன் அழுதுட்டான். அவன் அழுது எனக்கு என்ன ஆவப்போவுது?

பக்கத்து வீட்டுப் பூமாரி அட்டையை வச்சு விசிறினா. அவ புருஷன் சுடலைக்கண்ணன், ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்னு நாற்காலி கொண்டு வந்தான். தூக்கின உடனே அவருக்கு உதடு நீலம் பாய்ஞ்சுது, திரும்பக் கிடத்திட்டோம். போன் போட்டுக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ்காரன் சிக்னல்ல நிக்கேன்னான், நின்னுக்கிட்டே இருந்தான்.

அப்போதான் எனக்கு ஜமாத் சிலிண்டர் ஞாபகம் வந்துச்சு. எங்க பள்ளிவாசல் ஜமாத்துல ஆக்சிஜன் சிலிண்டர் இரவல் குடுப்பாங்க. நம்ம தேவை முடிஞ்சா வீட்டுல அடைச்சு வைக்கக் கூடாது, அடுத்த நோயாளிக்கு அனுப்பிரணும். நம்மளைவிட மோசமா ஒருத்தர் கிடக்காங்கன்னு ஆள் வந்தா மறுபேச்சில்லாமக் கழட்டிக் குடுக்கணும். எங்ககிட்ட இருந்ததை, இன்வெர்ட்டர் வந்த மறுநாளே நான்தான் அனுப்பி வச்சேன். அடுத்தவங்களுக்கு ஆவட்டும்னு.

சிலிண்டர் பொறுப்பு, என்னை அக்கா முறையில லாத்தான்னு கூப்பிடுத ஆஷிக்குக்கு. போன் போட்டேன்.

"லாத்தா, எல்லாம் வெளியே போயிட்டு. உங்க வீட்டுல இருந்தது மாஹிம்ல ஒரு அம்மாகிட்ட இருக்கு. நான் பக்கத்துலதான் நிக்கேன். ஆனா இங்கேயும் கரண்ட் இல்ல. அவங்களுக்கு மாட்டித்தான் இருக்கு."

"எப்படி இருக்காங்க?"

"இப்போதைக்குப் பரவாயில்ல. கழட்டினா என்ன ஆவும்னு நான் என்னத்தக் கண்டேன்? நீங்க சொன்னா கேக்கேன். கேட்டா குடுத்துருவாங்க."

குடுத்துருவாங்கன்னு எனக்கும் தெரியும். நானா இருந்தாலும் குடுத்திருப்பேன். அவரைப் பார்த்தேன். கண்ணு மேல செருகிக்கிட்டு இருந்துச்சு. போன்ல பேசினது அவருக்குக் கேட்டுட்டுபோல, தலையை வேண்டாம்னு ஆட்டினாரு. அவருக்கென்ன, அவரு போயிருவாரு. நான்லா கிடந்து சாவணும்!

"எடுத்துட்டு வா,"ன்னேன்.

சிலிண்டரோட கிளம்பினவன் வந்து சேரல. ஸ்கூட்டர் ஜாம்ல மாட்டிக்கிட்டுன்னான். அவரு விரல் நுனியெல்லாம் ஐஸ் ஆகிப்போச்சு. பூமாரி விசிறுறதை விட்டுட்டு அவ சாமியைக் கூப்பிட்டா, நான் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். வேற என்ன செய்ய?

சந்துல ஓன்னு ஒரு சத்தம். கரண்ட் வந்துட்டு. மிஷின் உதறிக்கிட்டு ஓட ஆரம்பிச்சுது. மெதுமெதுவா அவர் நெஞ்சு ஏறி இறங்குச்சு. நான் உடனே ஆஷிக்கைக் கூப்பிட்டேன். "திருப்பிக் கொண்டு போ! எங்களுக்கு வந்துட்டு, ஓடு!"

"எங்க ஓட? முன்னால லாரி, பின்னால பஸ்ஸு. அங்க இன்னும் கரண்ட் வரல லாத்தா. அவங்க மக விடாம போன் அடிக்கா. நான் எடுக்கல. எடுத்து என்ன சொல்ல?"

போனை இறக்கினேன். அவருக்குப் பேச்சு வந்துட்டு. வந்த முதல் பேச்சே, "யாருட்ட இருந்து எடுத்தான்?"

"மாஹிம்ல ஒரு அம்மா."

"பேரு?"

"தெரியாது. நான் கேக்கல."

"கேளு. அவங்க பேரைச் சொல்லி துஆ கேக்கணும்லா."

ஆஷிக்குக்கு மறுபடியும் அடிச்சேன். பிஸின்னு வந்துச்சு, அந்த மக போனை எடுத்துட்டான் போல. திரும்பத் திரும்ப அடிச்சேன், பிஸின்னே வந்துச்சு.