மீரா பாயின் யோசனை

ரங்கூனை ஒட்டிய தாகேதாவில் புதுக் குடியிருப்புக்காகப் பள்ளங்களை நிரவிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே இருந்தது ஒரே ஒரு புல்டோசர். யுத்தம் விட்டுப்போன கிழட்டு இயந்திரம். ரங்கூனின் தைக் குளிர் மனிதருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் உள்ளே எல்லாம் தேய்ந்துபோன அந்த இயந்திரம் காலையில் முனகும், இருமும், கிளம்பாது. வெயில் ஏறும்வரை முப்பது பேர் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

பட்டறை ஃபோர்மன் அகஸ்டினுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒருநாள் மண் லாரி ஓட்டும் மீரா முகைதீன் அவரிடம் வந்தார்.

“அண்ணே, என் லாரி காலையிலயே ஓடி சூடாத்தான வந்து நிக்குது? ரெண்டு ரப்பர் குழாய் மாட்டி, அந்தச் சுடுதண்ணிய புல்டோசர் என்ஜினுக்குள்ள சுத்தவிட்டுத் திருப்பி எடுத்தா, அரை மணியில அதுவும் சூடாயிடும்.”

“பசு கன்னுக்குப் பால் குடுக்கிற மாதிரியா, பாய்?” என்றார் அகஸ்டின். பட்டறையே சிரித்தது. மீராவும் லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பர்மிய எஞ்சினியர் ஊ சான் லுவின் நேரில் வந்து நின்றார். “நாளைக்கும் இது கிளம்பலேன்னா, வேற ஃபோர்மனத்தான் பாக்கணும்.”

“ஸயா” என்று மரியாதையாக அழைத்து, “நான் ஒரு யோசனை வச்சிருக்கேன்” என்று பர்மியில் சொன்னது அகஸ்டினின் வாய். குழாய், சுடுநீர், அரை மணி நேரம் என எல்லாவற்றையும் சொந்தச் சரக்குபோல விவரித்தார். மீரா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

மறுநாள் குழாய் மாட்டும்போது மீரா சொன்னார். “புல்டோசர் தண்ணி ஒரே துருவா இருக்குண்ணே. வடிச்சுக் கழுவிட்டு மாட்டுவோம். இல்லேன்னா அழுக்கு பூரா என் லாரிக்குள்ள வந்துடும்.”

எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும் பாய், மாட்டுங்க” என்றார் அகஸ்டின்.

அரை மணியில் புல்டோசர் ஒரே முயற்சியில் உறுமிக் கிளம்பியது. எஞ்சினியர் அகஸ்டினின் தோளில் தட்டினார்.

ஐந்தாம் நாள் லாரி வழியிலேயே ஆவி கக்கி நின்றது. என்ஜினின் தலைப்பகுதி வெடித்து விரிசல் விட்டிருந்தது. பட்டறைக்கு இழுத்துவந்ததும் அகஸ்டின் ரேடியேட்டருக்குள் விரலை விட்டார். செந்துருச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கணமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“என்ன ஆச்சு?” என்றார் எஞ்சினியர்.

விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே அகஸ்டின் சொன்னார்: “தண்ணி பாக்காம ஓட்டியிருக்காரு, ஸயா.”

மீராவுக்கு அகஸ்டினைவிட நன்றாகவே பர்மி தெரியும். அவர் லாரிச் சாவியைப் பட்டறை மேசைமேல் வைத்துவிட்டு, வேலையை விட்டே நடந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பங்கு மூதாட்டி மரியபுஷ்பம் அம்மாள், புல்டோசரைக் கிளப்பிய கெட்டிக்காரர் என்று எல்லார் காதிலும் விழும்படி அகஸ்டினைப் பாராட்டினாள். நற்கருணை வாங்க வரிசையில் நின்ற அகஸ்டின் பாதியில் விலகி வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே வந்த மனைவி செசிலியாவிடம் மரத்தடியில் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் திட்டவில்லை.

“அந்த மனுஷன் வீட்ல அடுப்பு எரியுதா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அகஸ்டின் எஞ்சினியரிடம் போய் உண்மையைச் சொன்னார்.

“இதச் சொல்ல உனக்கு இத்தனை நாளா?” என்று கேட்டுவிட்டு, எஞ்சினியர் மீராவை வேலைக்குத் திரும்ப வரச்சொல்லி ஒரு கடிதம் எழுதினார். “நீயே கொண்டுபோய்க் குடு.”

கதவைத் திறந்த மீராவின் மனைவி சைதா, முகம் மாறாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அகஸ்டின் கடிதத்தை நீட்டினார். மீரா அதை இரண்டு முறை படித்தார்.

“நீங்க சிரிச்சீங்க, அது பெரிசில்ல. யோசனைய எடுத்துக்கிட்டீங்க, அதுவும் போகட்டும். அழுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சே எம்மேல பழி சொன்னீங்களே...”

அகஸ்டின் தலை குனிந்தபடி, “தெரிஞ்சுதான் சொன்னேன், பாய்” என்றார்.

மீரா வேலைக்குத் திரும்பினார். வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேச்சு இருவருக்குள்ளும் இல்லாமல் சில வருஷங்கள் ஓடின. பின்பு பர்மா அரசின் நெருக்கடியால் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறிய நாட்களில் மீராவின் குடும்பமும் புறப்பட்டது. வழியனுப்பத் துறைமுகம் வரை போன அகஸ்டின், கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றார். சைதா இந்தப் பக்கம் திரும்பியபோது, இன்னும் அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் சட்டென்று ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.