மகள் போட்ட முடிச்சு

அந்த ஆய்வகத்தில் ஈஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு காய்ச்சுவதுதான் அவர் வேலை. எல்லோரும் 'சமையல்காரர்' என்றே கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. சொந்த மகளே அங்கு ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தபோது மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் ஒருநாள் அவருக்குப் புரியும்படி சொன்னாள். "ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இடுப்புல ஒரு முடிச்சு இருக்குப்பா. சென்ட்ரோமியர்னு பேரு. செல் ரெண்டாப் பிரியறப்ப நூல் வந்து அதைப் பிடிச்சு இழுக்கும். அதனாலதான் ஆளுக்கொண்ணு சரியாப் போய்ச் சேருது. நான் ஒரு குட்டி குரோமோசோம் செஞ்சு, என் கையாலயே முடிச்சு போட்டு, ஒரு ஈஸ்ட்டுக்குள்ள விட்டிருக்கேன்."

"நிக்குமா?"

"கொஞ்சம் தளர்வுதான். அப்பப்ப நழுவும்."

அந்த ஈஸ்ட்டுக்கு மட்டும் ஒரு சத்தை விட்டுவிட்டுக் காய்ச்சச் சொல்வாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை. ஈஸ்ட்டை உறைபெட்டியில் பத்திரப்படுத்துமுன் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஒன்பதே நாள்.

அந்த ஈஸ்ட் வளர்ந்திருந்த, அவள் கையெழுத்தோடு ஒரே ஒரு தட்டு மிஞ்சியிருந்தது. வாரம் ஒருமுறை அதிலிருந்து எடுத்துப் புதுத் தட்டுக்கு மாற்றி வந்தார். சோகை பிடித்ததுபோல் வெளுத்துக் கிடந்த ஈஸ்ட் புள்ளிகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இதுகளாவது வயிறாரச் சாப்பிடட்டும் என்று எந்தச் சத்தும் குறைக்காமல் காய்ச்சி ஊற்றினார். பெற்ற மனசு வேறெப்படி நினைக்கும்? சில புள்ளிகளில் சிவப்பு ஓடியது. தேறி வருகிறதென்று பூரித்துப்போய், நன்றாகச் சிவந்தவற்றையே பொறுக்கி அடுத்த தட்டில் தீற்றினார். நாலு மாதத்தில் தட்டு முழுக்கச் சிவப்பு.

விஷயம் தெரிந்து ஆய்வகத் தலைவி ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அவ ஈஸ்ட்டை நீங்க காப்பாத்தி வெச்சிருக்கீங்களாமே அண்ணே?"

அவர் பெருமையாகத் தட்டை நீட்டினார். அவள் முகம் மாறிவிட்டது.

"எந்தச் சாப்பாட்டுல வெச்சிருந்தீங்க?"

"எல்லாம் போட்டதுதான் மேடம். குறையே வைக்கல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்த ஒரு சத்தைத் தானே செஞ்சுக்கிற வழி குட்டி குரோமோசோம்லதான் இருந்துச்சு அண்ணே. சத்தைக் கொடுக்காம விட்டா, அந்தக் குட்டியைத் தொலைச்ச செல் செத்துடும், வெச்சிருக்கிறது மட்டும் பிழைக்கும். எல்லாம் கொடுத்தா தொலைச்சதும் பிழைச்சுக்கும்." தட்டைப் பார்த்தாள். "தொலைச்சதுதான் சிவக்கும்."

அவர் அன்றே பழைய முறைப்படி, அந்தச் சத்தை விட்டுவிட்டுக் காய்ச்சினார். கண்ணில் பட்ட சிவப்பையெல்லாம் அதில் தீற்றினார். ஒன்றாவது பிழைக்காதா என்று காலையும் மாலையும் போய் எட்டிப் பார்த்தார். நாலாம் நாளும் தட்டு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"குறிப்பெல்லாம் எழுதி வெச்சிருக்கா அண்ணே. அதே முடிச்சை வேற யாராவது மறுபடி போட்டுடலாம்," என்றாள் தலைவி.

"போடலாம் மேடம்," என்றார் அவர். "அது அவ போட்டதா இருக்காது."