தலைக்கு மேல் குறுக்காக இரண்டு கைகள்

என் வலது கணுக்காலில் ஒரு துப்பாக்கி கட்டியிருக்கிறேன். நின்ற நிலையில் அதை நான் பார்த்ததில்லை. நடுவில் வயிறு இருக்கிறது. என் பிறந்தநாளுக்கு மச்சான் ராய்ஸ் வாங்கிக் கொடுத்த தோலுறை அது. அதிலிருந்து துப்பாக்கியை எடுக்க நான் முதலில் எங்கேயாவது உட்கார வேண்டும். கொள்ளைக்காரன் எதிரில் வந்தால், "தம்பி, அந்த நாற்காலிய கொஞ்சம் இப்படித் தள்ளு" என்று அவனிடமே கேட்க வேண்டிய நிலைமை. நல்லவேளையாக நான் நடத்துவது மெத்தைக் கடை. உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. கொள்ளையடிக்க யாரும் வருவதுமில்லை.

ஓக்லஹோமாவில் எங்கள் பக்கம் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையிலிருக்கும் பைபிளைவிடக் கனமான ஒன்றை இடுப்பில் வைத்திருப்பார்கள்.

ராய்ஸ் என் மனைவி க்ளெண்டாவின் அண்ணன். கோதுமை விவசாயி. சிவப்புத் தொப்பி இல்லாமல் அவரை அடையாளம் தெரியாது. சின்ன வயதில் அப்பாவோடு வாத்து வேட்டைக்குப் போய், காதுக்குப் பஞ்சுகூட வைக்காமல் சுட்டுச் சுட்டு, இடது காது முழுசாகவும் வலது காது முக்காலும் போய்விட்டது. க்ளெண்டா சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த காது மிஷின், அவருடைய வண்டியின் சாம்பல் கிண்ணத்தில் பல் குத்தும் குச்சிகளோடு குடியிருந்தது. "அதப் போட்டா எல்லாரும் பேசுறது கேக்குது மாப்ள" என்பது அவர் புகார்.

சனிக்கிழமைதோறும் அவருடைய மேய்ச்சல் நிலத்தில், ஒரு மண்மேட்டுக்கு முன்னால், நாங்கள் சிலர் சுட்டுப் பழகுவோம். அங்கே ராய்ஸ் வைத்தது சட்டம். எல்லோரும் காதை மூடிக்கொண்டிருப்பதால் கத்தினால் யாருக்கும் கேட்காது. அதனால் நிறுத்த வேண்டுமென்றால் யாராவது ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் பிடிப்பார். அதைப் பார்த்தவன் அந்த நொடியே துப்பாக்கியைக் கீழே வைத்து, பின்னால் நகர்ந்து, தானும் கைகளைக் குறுக்காகத் தூக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒருமுறை எங்கள் பாதிரியார், "இன்னும் ஒரே ஒரு குண்டு" என்று சுட்டுவிட்டுத்தான் கையைத் தூக்கினார். ராய்ஸ் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கடவுளுக்கு நெருங்கியவர் என்ற சலுகைகூட இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை வழக்கம்போல லோர்னாவின் உணவகத்தில் முட்டையும் பன்றி வறுவலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூலையில் டிவி. எங்கோ ஒரு ஊரில் போலீஸ்காரர் அடிபட்டுக்கொண்டிருந்தபோது, வழியில் போன ஒருவர் துப்பாக்கியோடு இறங்கி உதவினாராம். அவரைப் பாராட்டிப் பேசினார்கள். வேறொருவர் திட்டிப் பேசினார்.

"இதுல பேச என்ன இருக்கு?" என்றார் ராய்ஸ், காது கேட்காதவர்களுக்கே உரிய குரலில். கடையே திரும்பியது. "போலீஸ்காரன் ஒருத்தன் உயிருக்குப் போராடுறான். நான் போன்ல படம் புடிச்சுக்கிட்டு நிக்கணுமா? அப்புறம் எதுக்கு இத இடுப்புல சொமக்குறேன்? அழகுக்கா?"

"அழகுக்குன்னா தோத்துட்டீங்க மச்சான்" என்றேன் நான்.

லோர்னா காபிக் குடுவையோடு அவருடைய இடது பக்கம் வந்து நின்றாள். அவளுக்கு எல்லோரும் 'கண்ணு'தான், ஷெரிப் உட்பட. அவளுடைய மகள் ட்ரினா அந்த ஷெரிப்பிடம்தான் வேலை பார்க்கிறாள். போலீஸ் சீருடை போட்டு ஒரு வருஷம் ஆகவில்லை.

"நீ நல்லவன்தான் கண்ணு. ஆனா அது உன் நெத்தியில எழுதியிருக்கா?" என்றாள் லோர்னா. "என் பொண்ணு வண்டிய விட்டு எறங்குறா. ஒருத்தன் கீழ கெடக்குறான், ஒருத்தன் துப்பாக்கியோட நிக்குறான். நீ யாருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

ராய்ஸ் கோப்பையை உயர்த்தினார். "பாதி போதும் லோர்னா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். லோர்னா சிரிக்கவில்லை. பாதி ஊற்றிவிட்டுப் போனாள்.

அங்கிருந்து சுடப் புறப்பட்டோம். ராய்ஸ் ஓட்டினார். மூடிக்கிடக்கும் பருத்தி ஆலையைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு போலீஸ் வண்டி, கதவு திறந்தபடி, விளக்கு சுழன்றபடி. பக்கத்துப் பள்ளத்தில் இரண்டு பேர் புரண்டுகொண்டிருந்தார்கள். கீழே கிடந்தவர் கர்ட் பிளெவின்ஸ். எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒருமுறையாவது வேகத்துக்கு அபராதச் சீட்டு எழுதிய போலீஸ்காரர். முகமெல்லாம் ரத்தம். மேலே ஒரு வாட்டசாட்டமான பையன். அவனுடைய ஒரு கை பிளெவின்ஸின் கழுத்தில், மறு கை அவர் இடுப்புத் துப்பாக்கியில். பிளெவின்ஸ் இரண்டு கைகளாலும் அந்த உறையைப் பொத்திக்கொண்டிருந்தார். அது கழன்றால் கதை முடிந்தது என்பது தெருவிலிருந்தே தெரிந்தது.

ராய்ஸ் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார். நான் போனில் அவசர எண்ணை அழுத்தினேன். இடத்தைச் சொன்னேன். பிளெவின்ஸ் அடிபடுகிறார் என்று சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் நிதானமாகக் கேட்டாள்: "உங்க கூட யார் இருக்காங்க? யார்கிட்டயாவது ஆயுதம் இருக்கா?"

நியாயமான கேள்வி. என் கூட இன்னார் இருக்கிறார், சிவப்புத் தொப்பி, கையில் துப்பாக்கி, நம்ம ஆள் என்று சொல்லியிருக்கலாம். மூளை உள்ளவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். நான், "நான் மெத்தை வியாபாரிம்மா!" என்று கத்திவிட்டு, போனை இருக்கையில் எறிந்துவிட்டு ஓடினேன்.

பள்ளத்தின் விளிம்பில் ராய்ஸ் துப்பாக்கியை நீட்டியபடி, "எந்திரிடா! எந்திரி!" என்று கத்திக்கொண்டிருந்தார். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராய்ஸால் சுடவும் முடியாது. இரண்டு பேரும் கயிறு திரித்த மாதிரி பின்னிக்கிடந்தார்கள். குண்டு யாரைத் தொடும் என்று யாரால் சொல்ல முடியும்? அவர் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததில்லை. அத்தனை சனிக்கிழமைகளிலும் அந்த மண்மேடு ஒருமுறைகூடப் புரண்டதில்லை.

என்னுடைய வீரத்தைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நடந்தது இதுதான்: ஈரப் புல்லில் கால் வழுக்கியது. நான் அப்படியே சரிந்து போய் அந்தப் பையன் மேல் விழுந்தேன். என் எடை என்ன என்று க்ளெண்டாவுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். பையனுக்கும் அன்று தெரிந்துவிட்டது. அவன் பிடி விட்டது. பிளெவின்ஸ் எங்களுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியேறி, மல்லாந்து கிடந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார். பேச்சு வரவில்லை. நான் பையனின் முதுகில் உட்கார்ந்துகொண்டேன். அவன் அழ ஆரம்பித்தான். ராய்ஸ் துப்பாக்கியை அவனுக்கு நேராகப் பிடித்தபடி நின்றார். அதாவது ஏறக்குறைய என் தொப்புளுக்கு நேராக.

அப்போதுதான் இரண்டாவது வண்டி வந்தது. ராய்ஸுக்குப் பின்னால், இடது பக்கம். சைரன் ஓலமிட்டபடியே இருக்க, ட்ரினா இறங்கினாள்.

அவள் என்ன பார்த்தாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. காலையில் அவள் அம்மா வாயால் கேட்டதுதான். ரத்தத்தோடு கீழே கிடக்கும் தன் ஆள். துப்பாக்கியோடு நிற்கும் முதுகு. ட்ரினாவின் துப்பாக்கி அந்த முதுகுக்கு நேராக நின்றது.

"கீழ போடு! துப்பாக்கிய கீழ போடு!"

ராய்ஸ் அசையவில்லை.

"கடைசியா சொல்றேன், கீழ போடு!"

"ட்ரினா, அது ராய்ஸும்மா! அவருக்குக் காது கேக்காது!" என்று கத்தினேன். சைரன் அதை விழுங்கிவிட்டது. என் வாய் அசைவதை ராய்ஸ் மட்டும் பார்த்தார்.

"என்ன மாப்ள? பின்னாடி யாராவது வராங்களா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பத் தொடங்கினார். துப்பாக்கியும் அவரோடு திரும்பத் தொடங்கியது.

எனக்கு மூளை பெரிதாகக் கிடையாது என்று ஏற்கெனவே சொன்னேன். கைகள்தான் செய்தன. பையனின் தோள்களை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காகப் பிடித்தேன்.

ராய்ஸ் முகம் மாறியது. குழப்பம் போய், சனிக்கிழமை முகம் வந்தது. ஏன் என்று கேட்கவில்லை. குனிந்து, துப்பாக்கியைப் புல்லில், வாயை மண்மேட்டுப் பக்கம் பார்க்க வைப்பதுபோல ஆளில்லாத பக்கம் பார்க்க வைத்தார். பின்னால் நகர்ந்தார். வெறும் கைகள் இரண்டையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கினார்.

அப்படியே நின்றோம், நானும் அவரும், காக்கை விரட்ட வைத்த இரண்டு பொம்மைகள் மாதிரி. ட்ரினாவின் விரல் விசையிலிருந்து மெல்ல விலகி நீண்டது. அதற்குள் பிளெவின்ஸுக்கு மூச்சு வந்து, "நம்ம ஆளுங்கதான்" என்று முனகினார். ட்ரினா பையனுக்கு விலங்கு மாட்டிய பிறகுதான் நான் எழுந்தேன். எழுப்பிவிட்டார்கள் என்பதுதான் சரி.

பிளெவின்ஸுக்கு விலா எலும்பு முறிவு. அது அந்தப் பையனால் அல்ல என்று டாக்டர் சொன்னாராம். அதைப் பற்றி நான் மேலே விசாரிக்கவில்லை.

எல்லாம் அடங்கியதும் ட்ரினா தன் வண்டியின் சக்கரத்தோரம் உட்கார்ந்திருந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தாள். ராய்ஸ் போய் எதிரில் நின்றார்.

"ட்ரினா, நீ கத்துனியாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

"எனக்குக் கேக்கல."

"இப்பத் தெரியுது அங்கிள்" என்றாள், அவர் வாயசைவைப் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தி. "நீங்க வரலன்னா கர்ட் செத்திருப்பாரு. நீங்க திரும்பியிருந்தா நான் உங்கள சுட்டிருப்பேன். ரெண்டையும் சேத்து எப்படி யோசிக்கறதுன்னு எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை. அவர் கையில் துப்பாக்கி இல்லாமல் இருந்திருந்தால் நான் அந்தப் பள்ளத்தை நோக்கி ஓடியிருப்பேனா? மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்தத் துப்பாக்கி அங்கே தடுத்தது எதை, வரவழைத்தது எதை என்று கடையில் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒவ்வொரு மெத்தையிலும் ஒவ்வொரு பதில் வருகிறது.

அடுத்த சனிக்கிழமை லோர்னாவின் உணவகத்தில் எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பிறகு யாரோ கைதட்டினார்கள். ராய்ஸ் போதும் என்று கையமர்த்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நேராக எங்கள் மேசைக்குப் போய், தொப்பியைக் கழற்றி வைத்தார். லோர்னா காபிக் குடுவையோடு வந்தாள், கண்கள் வீங்கியிருந்தன. வழக்கம்போல இடது பக்கம்தான் நின்றாள்.

ராய்ஸ் சட்டைப் பையிலிருந்து காது மிஷினை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த குச்சித் துணுக்கை ஊதித் தள்ளிவிட்டு, வலது காதில் மாட்டிக்கொண்டார். அது கீச்சென்று கத்தியது. அவர் முகம் சுளித்து, என் பக்கம் திரும்பி, "மாப்ள, நீ மெல்லுறது இவ்வளவு சத்தமாவா இருக்கும்?" என்றார். பிறகு லோர்னாவைப் பார்த்தார்.

"போன வாரம் என்னமோ கேட்டியாமே. மாப்ள சொன்னான். இன்னொரு தரம் கேளு."

லோர்னா குடுவையை மேசையில் வைத்தாள். இந்தமுறை குரலைத் தணித்துத்தான் கேட்டாள். "நீ யாருன்னு என் பொண்ணுக்கு எப்படித் தெரியும், கண்ணு?"

ராய்ஸ் தொப்பியை மேசையில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். என் முட்டை ஆறிப்போனது. மெல்லவே பயமாக இருந்தது.

"தெரியாது லோர்னா" என்றார் கடைசியில். "தெரியவே தெரியாது. ஆனா அடுத்த தடவை நான் வண்டிய நிறுத்தாமப் போவேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"போன்னு நானும் சொல்லல" என்றாள் லோர்னா. "கர்ட்டோட பொண்டாட்டி நேத்து இந்த நாற்காலியிலதான் உக்காந்துட்டுப் போனா."

அவள் குடுவையை எடுத்துக் கோப்பை நிறைய ஊற்றினாள். ராய்ஸ், பாதி போதும் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து நாங்கள் எழுந்தபோது, அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார், மிஷினைக் கழற்றவில்லை. வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: "மாப்ள, அந்தக் கைய குறுக்க வெக்கிறத ட்ரினா ஆபீஸ் ஆளுங்களுக்கும் சொல்லிக் குடுத்தா என்ன? வருவாங்களா?"

"மொதல்ல பாதிரியார்கிட்ட மன்னிப்புக் கேளுங்க மச்சான். அப்புறம் வருவாங்க."

"எதுக்கு? தப்பு அவரு மேல" என்றார் ராய்ஸ், இந்தமுறை கத்தாமல்.