மோப்பக்காரி

பேருந்து ஓட்டுகிறவனுக்குப் பணிமனை வாசலில் தினமும் காலையில் ஒரு பரீட்சை உண்டு. கருவியில் ஊத வேண்டும். முந்தின நாள் குடித்தது தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும். இருபது வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அந்தப் பெருமையில் பாதி என் மகளுக்குச் சேர வேண்டும்.

அவளுக்கு ஏழு வயதிருக்கும்போதே, சீருடை போட்டதும் அவள் முன்னால் குனிந்து ஊதுவேன். "வாடை வருதாம்மா?" என்பேன். இல்லை என்றால் கிளம்புவேன். வருகிறது என்றால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். பணிமனைக்குப் போன் போட்டுச் சொல்கிறவளும் அவள்தான். மோப்பக்காரி என்று செல்லப் பெயர் வைத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இருந்திருக்கிறேன். பிள்ளைக்கு எதைப் பழக்குகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். மோந்து பார்த்தால் போதை ஏறிவிடுமா என்று அவள் வாயை அடைத்தேன்.

எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், எதை மென்றால் நெடி அமுங்கும் என்பதையெல்லாம் மகள் எதிரிலேயே பேசினேன். பாடத்தைவிட அதைத்தான் அவள் நன்றாகப் படித்திருக்கிறாள்.

பதினாறு வயதில் தோழி வீட்டுக்குப் படிக்கப் போவது அதிகமானது. ஒருநாள் மனைவி, அவள் வாயை நீங்களே மோந்து பாருங்கள் என்றாள். பெற்ற மகளைச் சந்தேகப்படுவதா என்று எரிந்து விழுந்தேன். உண்மை வேறு. அப்போது என் வாயிலேயே நெடி. அதை வைத்துக்கொண்டு அவளிடம் எதை மோப்பது?

நேற்று மத்தியானம் பள்ளி மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டாள். மனைவியும் நானும் மருத்துவமனைக்கு ஓடினோம். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. எத்தனை நாளாகக் குடிக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் மறைக்காதீர்கள், எல்லோரும் சேர்ந்தால்தான் இவளை மீட்க முடியும், அடுத்த முறை காலோடு போகாது என்றார். தலையாட்டினேன். அந்த நிமிடம் நிஜமாகவே சொல்லிவிடத்தான் நினைத்தேன்.

தலைமையாசிரியை வந்துகொண்டிருக்கிறார் என்று நர்ஸ் சொன்னதும், மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். என் முகத்தில் மெல்ல ஊதினாள்.

"வாடை வருதாப்பா?"

வந்தது. அதற்குள் தலைமையாசிரியை உள்ளே வந்து, எப்படி விழுந்தாள் என்று கேட்டார்.

"காய்ச்சல் டீச்சர். தலை சுத்தி விழுந்துட்டா."

சொன்னது நான்தான். மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். மகள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.