வெளியே வர ஒரு அப்டேட்

என் வீட்டுக் கதவு வைஃபையில்தான் திறக்கும். திங்கட்கிழமை திறக்கவில்லை. மோடமும் ரவுட்டரும் ஒன்றாயிருக்கும் பெட்டிக்குப் புது அப்டேட் வேண்டுமாம். தேக்குக் கதவை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேபிள்காரன் குணசீலனைப் போனில் கூப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான்.

"பெட்டி உங்களுதுதானுங்க மாமா. ஆனா அப்டேட்டு எங்க கம்பெனிதான் அனுப்போணும்."

"அனுப்பச் சொல்லு சாமி."

"நீங்க நேர்ல ஆபீசு வந்து கையெழுத்துப் போடோணுங்க."

"வெளிய வர முடிஞ்சா எனக்கு அப்டேட்டு எதுக்கு?"

"ரூல்சுங்க மாமா."

இன்று ஆறாம் நாள். வேளை தவறாமல் ஜன்னல் கம்பி வழியாக இட்லி வைக்கிறான். நாமக்கல்காரன், கூண்டுக்குள் இருப்பதற்குத் தீனி வைக்கத் தெரியும். நேற்றிலிருந்து, முட்டை ஏதும் கிடக்கிறதா என்று என் கட்டிலடியையும் எட்டிப் பார்க்கிறான்.