நல்லமுத்து சொல்லாத பெயர்

வெள்ளக்கடை கிராமத்து நல்லமுத்துவுக்குக் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் தெரிந்த மறுநாளே யாஸ்மின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏற்காட்டில் காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர் அவள். மாத்திரை கொடுப்பதோடு அவள் வேலை முடியாது. நோயாளி யார் யாரோடு நெருங்கிப் பழகினார் என்று கேட்டு, அத்தனை பேரையும் பரிசோதனைக்கு அழைத்து வர வேண்டும். மாத்திரை கொடுப்பது சுலபம், இதுதான் பெரும்பாடு.

நல்லமுத்துவுக்கு நாற்பத்தாறு வயது. எஸ்டேட்டில் மரமேறி மிளகு பறிப்பவர். மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. முகக்கவசத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு எட்டுப் பேரைச் சொன்னார். அண்ணன் குடும்பம், கூட வேலை செய்பவர்கள், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்.

“ஞாயித்துக்கெழமை எங்கீங்கண்ணா இருப்பீங்க?”

“ஊட்லதானுங்க மேடம்.”

முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகள் சிவரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். “சித்தப்பா ஞாயித்துக்கெழமை ஊட்ல இருந்து நான் பாத்ததே இல்லீங்களே!”

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார். யாஸ்மின் மேலே கேட்கவில்லை. துருவினால் வாய் அடைத்துக்கொள்ளும் என்பதை நாலு வருஷ வேலையில் கற்றிருந்தாள். “எப்ப வேணா போன் பண்ணுங்கண்ணா. நீங்க சொல்றது என்னோட நிக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது.

“மேடம், தலைச்சோலைல ஒருத்தரு இருக்காங்க. அத்தாயின்னு பேரு. புருசன் உட்டுட்டுப் போயி பன்னெண்டு வருசமாச்சு. நான் ஞாயித்துக்கெழமை அங்க போவேனுங்க. சோறு போடும். பேசிக்கிட்டிருப்போம்.” கொஞ்ச நேரம் இருமினார். “கதவு சன்னலெல்லாம் சாத்திக்கிட்டுத்தானுங்க. நாலு பேரு பாத்தா அந்தப் புள்ளையத்தான பேசுவாங்க? எனக்கு நோவுன்னு தெரிஞ்சதுல இருந்து நான் போகலீங்க. போனும் எடுக்கறதில்ல. எடுத்தா சொல்ல வேண்டி வரும்.”

சின்ன அறை, சாத்திய கதவு, வாரம் தவறாமல். யாஸ்மின் பட்டியலில் ஒன்பதாவது பெயரை எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை தலைச்சோலைக்குப் போனாள். அத்தாயி வீட்டுக்கு நேராகப் போகவில்லை. அந்த வீட்டு வரிசையின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து, யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, எடை குறைந்ததா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினாள். ஏழாவது வீடு அத்தாயியுடையது. ஒட்டிய கன்னம், கூர்மையான கண்கள்.

“இருமலு ஒரு மாசமா இருக்குதுங்க” என்றவள், யாஸ்மினையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நல்லமுத்துதான அனுப்புனாரு?”

ஒருவரின் நோயை இன்னொருவரிடம் சொல்ல யாஸ்மினுக்கு உரிமை கிடையாது. சளி டப்பாவில் பெயர் எழுதுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அதுவே அத்தாயிக்குப் போதுமானதாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நோவுதானா? எம்மேல சலிச்சுப் போயி உட்டுட்டாருன்னுல்ல நெனச்சேன்! ரெண்டு ஞாயித்துக்கெழமையா சோத்தாக்கி வெச்சுக்கிட்டு…” என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாஸ்மினுக்குத் தெரியவில்லை. அருகில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அத்தாயியின் சளியில் கிருமி இருந்தது. எக்ஸ்ரேயில் சின்ன நிழல்தான் தெரிந்தது. “ஆரம்பத்துலயே புடிச்சாச்சு. ஆறு மாசத்துல சரியாயிரும்” என்றார் டாக்டர்.

செய்தியை நல்லமுத்துவிடம் சொன்னது அத்தாயிதான். அவர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வரும் நாளைத் தெரிந்துகொண்டு, பஸ் ஏறி வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் காத்திருந்தாள். அவளுக்கும் நோய் என்று கேட்டதும் அவர் நின்றவாறே உடைந்துபோனார்.

“என்னாலதான் உனக்கு வந்துது. உனக்கு நான் குடுத்தது இதுதான்!”

“அஞ்சு வருசமா குடுத்ததெல்லாம் கணக்குல வராதா?” என்று அத்தாயி அதட்டினாள். “உக்காருங்க மொதல்ல. மாத்தரைய வெறும் வயித்துலயா போட்டீங்க?” பையிலிருந்து கேழ்வரகுக் களியும் கீரையும் வைத்த தூக்குப்போசியை எடுத்தாள். பஜாருக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பார்க்கத்தான் செய்தார்கள். அத்தாயி அவர்களைப் பொருட்படுத்தவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் வீட்டுச் சன்னலும் கதவும் திறந்தே கிடந்தன. காற்றோட்டம் வேண்டும் என்று யாஸ்மின் சொல்லியிருந்தாள். ஊர் ஒரு மாதம் பேசியது. பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. நடுவில் ஒருமுறை, மாத்திரை குமட்டுகிறது, வேண்டவே வேண்டாம் என்று அத்தாயி அடம் பிடித்தாள். நல்லமுத்து விடியற்காலையில் வந்து, அவள் விழுங்கும்வரை வாசலை விட்டு நகரவில்லை.

ஆடியில் அவருக்கும் ஆவணியில் அவளுக்கும் மருந்து முடிந்தது. இருவர் சளியிலும் கிருமி இல்லை. அண்ணன் குடும்பத்தில் யாருக்கும் பரவவில்லை.

ஆவணிக் கடைசியில் முப்பது பேரைக் கூப்பிட்டு மாலை மாற்றிக்கொண்டார்கள். யாஸ்மின் போயிருந்தாள். மணப்பெண் உட்காராமல் தானே வந்து அவள் இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றினாள்.

“போதுங்கக்கா!”

“சாப்புடு கண்ணு. ஊரு ஊரா சுத்தி நொம்ப எளச்சுட்ட.”