ஐம்பதில் நின்ற முள்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலைக்கு அது பெரிய தகுதி. அன்று என் கை கல் மாதிரி இருந்தது.

மேசைமேல் கிடந்தது, கம்பியின் இழுப்பை அளக்கும் மீட்டர். மூன்று சின்னச் சக்கரங்கள், ஒரு முள், பக்கத்தில் முள்ளைத் திருத்த ஒரு திருகு. தலைமுடி கனமே உள்ள செப்புக் கம்பியை மோட்டாருக்குச் சுருளாகச் சுற்றும் மெஷினில் என் அக்கா வேலை செய்கிறாள். கம்பி ஐம்பது கிராம் இழுப்பில் ஓட வேண்டும். கூடினால் அறுந்துவிடும். அவள் மெஷினில் ஒரு வாரமாக அறுந்துகொண்டே இருந்தது. மெஷின் டயல் ஐம்பது என்றது. மீட்டரும் ஐம்பது என்றது. அப்புறமென்ன, கோளாறு அக்காவின் கையில்தான் என்று முடிவாகிவிட்டது. இன்றோடு அவளை நிறுத்திவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

"மெஷின் ரொம்ப இழுக்குது" என்று அவளும் படித்துப் படித்துச் சொன்னாள். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று எல்லார் காதிலும் விழும்படி நக்கலடித்தார் ஃபோர்மேன். வேறு யாருமில்லை, அவளைக் கட்டிய மகராசன், என் அத்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கம்பி அறுத்த விரலோடு வீட்டுக்குப் போய் அந்த மனிதருக்குத்தான் அவள் சட்டை துவைத்தாள்.

மீட்டரைத் தாங்கியில் பூட்டினேன். சக்கரங்களுக்கு நடுவே அதே கம்பியைக் கோத்து, நுனியில் ஐம்பது கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தேன். முள் முப்பத்தைந்தில் நின்றது. கல்லை மாற்றி எழுபது கிராம் தொங்கவிட்டேன். கூசாமல் ஐம்பது என்றது. யாரும் தொடாதிருக்கத் திருகின்மேல் நாங்கள் வைக்கும் சிவப்பு மெழுகு முத்திரை உடைந்திருந்தது.

அத்தான் பின்னால் வந்து நின்றார்.

"யாரு இந்தத் திருகைத் தொட்டது?" என்று கேட்டேன்.

"நான்தான். புது மெஷினு அம்பதுன்னுச்சு, இந்தப் பழைய டப்பா எழுபதுன்னுச்சு. எதை நம்புறது? மெஷினோட ஒத்துப்போற மாதிரி திருகி வச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் பொய் சொல்கிறதா என்று பார்க்கத்தான் மீட்டரே இருக்கிறது. அதை மெஷினுக்கு ஆமாம் போட வைத்திருக்கிறார். காவலுக்கு வைத்த நாயைத் திருடனுக்கு வாலாட்டப் பழக்கியாயிற்று.

"ஒரு வெயிட்டைத் தொங்கவிட்டுப் பாக்கணும்னு தோணலையா அத்தான்?"

"கத்தாதே. இப்பவே பழையபடி திருகிடு. கம்பியை இறுக்கிப் பிடிக்கிற மெஷின் பிரேக்கை நான் சத்தமில்லாம தளர்த்திக்கிறேன்."

"அப்ப அக்கா?"

"அவ வீட்ல இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு? என் வேலை போச்சுன்னா எல்லாரும் தெருவுலதான்."

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. தப்பாகக் காட்டும் கருவியைத் திருத்துமுன் இன்னொருவர் அந்தத் தப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும். திருகிவிட்டால் தப்பு நடந்த சுவடே இருக்காது. அக்கா கெட்டிக்காரி என்று அப்புறம் நான் தொண்டை கிழியக் கத்தினாலும், தங்கைதானே என்பார்கள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

கேட்டது நான் இல்லை. வாசலில் அக்கா. போகுமுன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தவள்.

"நேத்து லேசா சந்தேகம் வந்துச்சு" என்றார் அத்தான், தரையைப் பார்த்து. நேற்றுதான் மேனேஜர் முன்னால் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தார்.

அக்கா எடைக்கல்லைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள். "விடுடி, அவர் மானம் போயிடும்" என்று இப்போது அழப்போகிறாள் என நினைத்து எனக்கு முன்கூட்டியே எரிச்சல் வந்தது.

"அதைத் தொடாதே, அப்படியே தொங்கட்டும்" என்றாள் என்னிடம். பிறகு அவரிடம் திரும்பினாள். "நான் மேனேஜரைக் கூட்டிட்டு வரேன். நீங்க இங்கயே நில்லுங்க. ஓடினாலும் வீட்டுக்குத்தான் வரணும். சாவி என்கிட்ட இருக்கு."